வாலும் மூக்கும்

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், எருமப்பட்டிக் கடைவீதியில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். இன்றைய லாரிகளின் முகம் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிட்டது தெரியும். டாடாவின் முகம், அசோக் லேலண்டின் முகம், இடையிடையே பாரத்பென்ஸ், ஐஷர். கோழித்தீவனம் ஏற்றியது, முட்டை ஏற்றியது, சின்ன வெங்காயம் ஏற்றியது எல்லாம் அந்த முகங்களில் ஒன்றோடுதான் வருகின்றன. தட்டையான நெற்றி, கறுப்புப் பிளாஸ்டிக் கிரில், நடுவில் கம்பெனி முத்திரை. யாருடைய வண்டி என்று அறிய நம்பர் பிளேட்டையோ கதவில் எழுதிய பெயரையோ படித்தாக வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் படிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி தூரத்தில் வரும்போதே டீக்கடை பெஞ்சில் இருப்பவர் உரிமையாளரின் பெயரைச் சொல்லிவிடுவார். கேபினின் நெற்றி உயரம், அதன் மேல் வைத்த தகட்டு மகுடம், கண்ணாடியின் சாய்வு, பம்பரில் அடித்த கோடு ஆகிய நான்கையும் பார்த்தாலே எந்தப் பட்டறையில் கட்டியது, எந்த ஆசாரியின் கை என்பதுகூடத் தெரிந்துவிடும்.

தன் வண்டிக்கென்று ஒரு முகம் வேண்டும், அது அடுத்தவன் வண்டியின் முகமாக இருக்கக் கூடாது என்ற ஆசை நாமக்கல்லுக்கு மட்டும் உரியதல்ல. 1950களின் பின்பாதியில் அமெரிக்காவில் அந்த ஆசை உச்சிக்கு ஏறியிருந்தது. அங்கே அது முகத்தோடு நிற்காமல் வாலிலும் போய் உட்கார்ந்தது.

அமெரிக்கக் காருக்கு வால் முளைத்த கதை விமானத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் பறந்த லாக்ஹீட் பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்பாளர்கள் மனத்தைப் பறிகொடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஹார்லி ஏர்ல். 1948ஆம் ஆண்டு கேடிலாக்கின் பின் விளக்குகளுக்கு மேல் சின்னதாக ஒரு மேடு எழும்பியது. விரல் வைத்துத் தடவிப் பார்க்கும் அளவுதான். பத்தே ஆண்டில் அந்த மேடு துடுப்பாக வளர்ந்தது. 1957இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வர்ஜில் எக்ஸ்னர், காரின் உடலைத் தாழ்த்தி வாலை மட்டும் வானை நோக்கித் தூக்கிவிட்டார். 1956 ஆகஸ்டில், விற்பனைக்கு வருமுன்பே, கிரைஸ்லரின் முள்வேலிக்கு அப்பால் நின்ற அந்த பிளிமத் கார்களை ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன் எட்டிப் பார்த்துவிட்டார். அலுவலகம் திரும்பி அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, 1959க்கென்று வரைந்து வைத்திருந்த வடிவங்களை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக வரையத் தொடங்கினார்கள்.

அதன் விளைவுதான் 1959 கேடிலாக். நீளம் 18 அடி 9 அங்குலம். 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத்திறன். வாலின் முனை மனிதரின் இடுப்புக்கு மேல் நிற்கும். அதன் நடுவில் துப்பாக்கிக் குண்டு போலக் கூர்ந்த இரண்டு சிவப்பு விளக்குகள். அதே ஆண்டு அதே நிறுவனத்தின் செவர்லேக்கு வேறு வால் வைத்தார்கள். கழுகு இறக்கையை விரித்ததுபோலப் படுக்கைவசமாக இருபுறமும் நீண்டது அது. முந்தைய ஆண்டு ப்யூக் காரின் கிரில்லில் 160 குரோமியச் சதுரங்களைத் தனித்தனியாக வார்த்துப் பதித்திருந்தார்கள். காலையில் துடைக்க உட்காருபவனை எண்ணிப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

இந்த ஆடம்பரத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. மூன்று ஆண்டு பழகிய கார் ஓட்டத்துக்குக் குறையில்லாமல் இருந்தாலும், பார்வைக்குப் பழசாகிவிட வேண்டும். அப்போதுதான் உரிமையாளர் புதுக்காருக்கு வருவார். எனவே ஆண்டுக்கு ஆண்டு தகடு மாறியது, குரோமியம் மாறியது, வால் வளர்ந்தது. அடியில் இருந்த சட்டமும் எஞ்சினும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. கணக்கு ஒரு கட்டத்தில் பொய்த்தது. 1957 செப்டம்பரில் ஃபோர்டு பெரும் ஆரவாரத்தோடு இறக்கிய எட்செல், 1958இன் பொருளாதார மந்தத்தில் சிக்கியது. அதன் செங்குத்தான கிரில்லைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாங்கியவர்களைவிட அதிகம். 1959 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 1959இல் உச்சிக்குப் போன வால் அடுத்த ஆண்டிலிருந்தே இறங்கியது. 1960களின் நடுப்பகுதிக்குள் தேடினாலும் கிடைக்காது.

அந்தக் கார்கள் நம் பக்கம் அதிகம் வரவில்லை. அதற்குக் காரணம் ரசனை அல்ல, சட்டம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சுதந்திரத்துக்கு முன்பே இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. ஃபோர்டுக்குச் சென்னையிலும் ஒரு பூட்டுசாலை இருந்தது. வெறுமனே பூட்டுவது போதாது, உள்நாட்டில் உற்பத்தி செய்பவர்களுக்கே அனுமதி என்று அரசு சொன்னதும், 1954க்குள் இரண்டும் கடையைக் கட்டின. வால் உச்சத்தில் இருந்த காலத்தில் இங்கே அமெரிக்கக் கார் வாங்க நினைப்பவருக்கு இறக்குமதித் தீர்வை வழிமறித்தது. அதையும் தாண்டி வந்த ஒரு சில செவர்லே இம்பாலாக்கள் சினிமாக்காரர்களிடமும் பெரும் முதலாளிகளிடமும் நின்றன. பெரும்பாலான தமிழர்கள் அந்த வாலைப் பார்த்தது வெள்ளித்திரையில்தான்.

ஆனால் வாலின் நிழல் வந்து சேர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் காரின் மூன்றாம் வரிசையை வைத்து 1957இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய அம்பாசடரின் பின்பக்கத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பின் விளக்குக்கு மேல், மட்கார்டின் முனையில், தயங்கித் தயங்கி எழுந்த ஒரு சின்ன மேடு இருக்கும். அமெரிக்க மோகம் இங்கிலாந்தைத் தொட்டபோது அங்கே கூச்சத்தோடு வைத்துக்கொண்ட வால் அது. பம்பாய் பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட் 1100க்கும் அதுபோல் உண்டு, இன்னும் கொஞ்சம் கூர்மையாக. சென்னையில் 1961இலிருந்து செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் உண்டு.

அமெரிக்கக் கார்களின் தலைநகரான டெட்ராய்ட்டில் ஆண்டுக்கு ஒரு வால் மாறியது. இங்கே வந்த வால் மாறவேயில்லை. கேடிலாக்கின் வால் மறைந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் ஃபியட்டின் வால், பத்மினி என்ற பெயரில், 2000 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அம்பாசடர் 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் நின்றபோது அதன் வயது 57. கிரில் மாறியது, விளக்கு மாறியது, எஞ்சின் மாறியது. முதுகின் வளைவும் அந்தச் சின்ன மேடும் இருந்தபடியே இருந்தன. 14 அடிக்குச் சற்று மேல் நீளம் கொண்ட அந்தக் காரில் எட்டுப் பேர் ஏறி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனார்கள். ஒரு வடிவம் மாறாமல் இருந்ததில் போட்டியின்மையின் சோம்பலும் இருந்தது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டலாம் என்ற வசதியும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், பழுதாகி வழியில் நின்ற இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும்.

காரில் இப்படி உறைந்துபோன ஆசை லாரியில் பீறிட்டது. இங்கேதான் நாமக்கல் வருகிறது.

1950களில் சேலம் ஜில்லாச் சாலைகளில் ஓடிய லாரிகளுக்கு மூக்கு இருந்தது. எஞ்சின் முன்னால், அதை மூடும் நீண்ட பானெட், இருபுறமும் உருண்ட மட்கார்டு, அவற்றின் மேல் தவளைக் கண்போல விளக்கு. டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ என்று மூன்று பெயரில் ஓடியவை உண்மையில் ஒரே வண்டிதான். வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லருடன் ஒப்பந்தம் போட்டு பம்பாயில் செய்தது. ஆக, வாலை வானுக்குத் தூக்கிய அதே கிரைஸ்லரின் கைதான் நம் லாரியின் மூக்கிலும் இருந்தது. 1954இல் டாடாவின் டெல்கோ நிறுவனம், ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் சேர்ந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸை இறக்கியது. அதற்கும் மூக்கு உண்டு. மூக்கின் நுனியில் மூன்று முனை நட்சத்திரம். 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் அந்த இடத்தில் டாடாவின் எழுத்து வந்தது. அந்த முதல் டாடா லாரியின் சக்தி ஏறத்தாழ 90 குதிரைத்திறன். அமெரிக்காவில் ஒரு குடும்பத்தைக் கடைக்குக் கூட்டிப்போன 325 குதிரைகளில் கால் பங்குக்குச் சற்று மேல். அதை வைத்துக்கொண்டு ஐந்து டன் பாரத்தை ஊர் ஊராக இழுத்தார்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்தது முழு லாரி அல்ல, சேஸ் மட்டும். எஞ்சின், மூக்கு, ஸ்டியரிங், சட்டம், சக்கரம். கதவு கிடையாது, கூரை கிடையாது, இருக்கைகூடக் கிடையாது. மரப்பெட்டி ஒன்றைப் போட்டுக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் புழுதியிலும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு வருவார்கள். பட்டறை வாசலில் வந்து நிற்கும்போது ஓட்டுநரின் முகத்தில் கண்கள் மட்டும்தான் மனித நிறத்தில் இருக்கும். அங்கிருந்துதான் வண்டிக்கு உடம்பு வர வேண்டும்.

அந்த உடம்பைக் கட்டுவதில் நாமக்கல் பேர் பெற்றது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், இன்னும் வடக்கே இருந்தெல்லாம் சேஸ்கள் வந்து நின்றன. இந்தத் தொழிலுக்கு ஊர் ஊராக ஆள் வந்தது; எருமப்பட்டி, சேந்தமங்கலம், மோகனூர் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் பட்டறைக்குத் தொழில் பழகப் போனார்கள். ஒரு வீட்டில் அண்ணன் டிரைவராக இருந்தால் தம்பி தகடு வளைக்கும் டிங்கராக இருப்பான்.

எருமப்பட்டியில் இருக்கும் ஒரு பெரியவர் அந்தக் காலத்து ஆசாரி. இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வலது கைப் பெருவிரல் நகம் உளி பட்டு இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கிறது. கேபின் கட்டும் முறையை அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். முதலில் நான்கு மூலைக்கு மரக்கால்கள். அவற்றை இணைக்கும் சட்டங்கள். கூரைக்கு வளைவான விட்டங்கள். ஒன்றோடொன்று பொளி வைத்து இறுக்கி, சந்துகளில் இரும்புப் பட்டம் கொடுத்து ஆணி, போல்ட்டு. எலும்புக்கூடு நின்ற பிறகு டிங்கர் வருவார். தட்டையான தகட்டை மணல் மூட்டையின் மேல் போட்டு மரச்சுத்தியால் அடித்து அடித்து, கூரை மூலையின் வளைவைக் கொண்டுவருவார். அச்சு கிடையாது. கண்தான் அச்சு. இடது மூலைக்கும் வலது மூலைக்கும் அரை நூல் வித்தியாசம் வந்தால் பெரியவர் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

“வண்டிக்கு மொகந்தானுங்க மொதல்ல,” என்றார் அவர். “ஓனரு வந்து நின்னுக்குவாருங்க. பக்கத்துப் பட்டறையில நிக்கற வண்டியக் காட்டி, அதவிட நாலு வெரக்கட நெத்தி ஏத்திக் கட்டும்பாரு. இன்னொருத்தரு மகுடத்துல மயிலு வேணும்பாரு. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கட்டிக்குடுத்தா நம்மகிட்ட எதுக்குங்க வர்றாங்க?”

டெட்ராய்ட்டிலும் இதே போட்டிதான் நடந்தது. ஆனால் அங்கே முடிவெடுத்தவர்கள் ஒரு சிலர். ஹார்லி ஏர்லும் எக்ஸ்னரும் களிமண் மாதிரியில் ஒரு கோட்டைத் தூக்கினால் பல லட்சம் பேரின் வாசலில் அந்தக் கோடு போய் நின்றது. வாங்குபவன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். நாமக்கல்லில் ஒவ்வொரு வண்டியும் ஒரு தனி முடிவு. சேஸுக்குப் பணம் கட்டிய மனிதர், கட்டும் ஆசாரி, வளைக்கும் டிங்கர், எழுதும் பெயிண்டர் நால்வரும் பட்டறை வாசலில் நின்று பேசி எடுத்த முடிவு.

முன்கண்ணாடியையும் ஒப்பிடலாம். அமெரிக்கக் கார்களில் அப்போது பக்கவாட்டுக்கும் திரும்பி வளையும் ஒரே பெரிய கண்ணாடி புழக்கத்துக்கு வந்திருந்தது. அதைத் தாங்கும் தூண் உள்ளே முட்டிபோல மடிந்து வந்ததால் ஏறி இறங்கும்போது கால்முட்டியில் இடிக்கும். அழகுக்காக அதைப் பொறுத்துக்கொண்டார்கள். நம் லாரிக்கு இரண்டு தட்டைக் கண்ணாடித் துண்டுகள், நடுவில் ஒரு மரத்தூண். வளைந்த கண்ணாடி வாங்க வழியில்லை. உடைந்தால் மாற்றவும் வழியில்லை. தட்டைக் கண்ணாடியென்றால் எந்த ஊரிலும் கடையில் அளந்து வெட்டி மாட்டிக்கொண்டு அன்று மாலையே கிளம்பிவிடலாம். அந்த இரட்டைக் கண்ணாடியே பிறகு லாரியின் அடையாளமாகி, குழந்தைகள் வரையும் லாரிப் படத்திலும் இடம் பிடித்தது.

பெயிண்டரின் வேலை கடைசி. பட்டி பூசித் தேய்த்து, எனாமல் இரண்டு கை அடித்த பிறகு கோடு போடுவார்கள். சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றிக்கொண்டு, நீள முடித் தூரிகையைப் படுக்கையாக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேபினின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தபடியே ஒரே இழுப்பாக இழுப்பார்கள். நடுவில் நிறுத்தினால் கோடு அங்கே சற்றுத் தடித்துவிடும். பின்பலகையில் தாமரை, கன்றோடு பசு, குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர். சட்டம் இதிலும் ஒரு கை வைத்தது. நேஷனல் பெர்மிட் லாரியின் உடல் காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும், 30 செ.மீ. அகலத்தில் வெள்ளை ஓரம் வேண்டும், இருபுறமும் வட்டத்துக்குள் என்.பி. என்று எழுத வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்லின. இப்படி நிறத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டபோது, மிச்சமிருந்த நெற்றியிலும் மகுடத்திலும் பம்பரிலும் பெயிண்டர்கள் தங்கள் கைவரிசை முழுவதையும் கொட்டினார்கள்.

மூக்கு எப்படிப் போனது என்பதற்கு ரகசியம் ஒன்றுமில்லை. வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. மூக்கு எடுத்துக்கொள்ளும் நான்கைந்து அடியில் சரக்கு ஏற்ற முடியாது. ஓட்டுநரை எஞ்சினுக்குப் பின்னால் உட்கார வைப்பதற்குப் பதில் அதன் பக்கத்திலோ மேலேயோ உட்கார வைத்தால் அந்த அடிகள் சரக்குக்குக் கிடைக்கும். வளைவில் திருப்பவும் எளிது. முழு மூக்கு போய், எஞ்சினில் பாதி கேபினுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நிற்கும் அரை மூக்கு வந்தது. டாடாவின் 1210 எஸ்.இ. என்ற அந்தக் குட்டை மூக்கு வண்டி பல ஆண்டுகள் நெடுஞ்சாலைகளை ஆண்டது. பிறகு மூக்கே இல்லாத தட்டை முகம். சரக்குக்கு இடம் கிடைத்தது; ஓட்டுநருக்கு எஞ்சினின் சூடு கிடைத்தது. சித்திரை வெயிலில் எஞ்சின் மூடியின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து, இரவும் பகலுமாக ஓட்டினார்கள். அந்தச் சூட்டுக்கு மூக்கு எவ்வளவோ தேவலை என்று பழைய டிரைவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அதுவரைகூட கேபின் நாமக்கல்லில்தான் கட்டப்பட்டது. தட்டை முகம் வந்தாலும் அதற்கு மேல் நெற்றியும் மகுடமும் ஆசாரியின் கையில்தான் இருந்தன. பெரிய மாற்றம் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் நடந்தது. கேபினை ஆலையிலேயே எஃகில் அச்சடித்து, வண்டியோடு சேர்த்தே அனுப்பத் தொடங்கினார்கள். லாரி உடல் கட்டுமானத்துக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித்தொகுப்பு வந்தது. கேபினின் வலிமைக்கு ஏ.ஐ.எஸ். 029 என்ற சோதனை உண்டு: கனத்த ஊசல் ஒன்றைக் கேபினின் முகத்தில் மோத விடுவார்கள், கூரையின் மேல் பாரத்தை அழுத்துவார்கள், எவ்வளவு நசுங்கினாலும் உள்ளே ஒரு மனிதர் பிழைத்திருக்கும் அளவு இடம் மிஞ்ச வேண்டும். மரக்கால் நட்டுத் தகடு போர்த்திய கேபின் எதுவும் அந்தச் சோதனைக்கு முன் நிற்காது. 2025இல் புது லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமானது.

பட்டறைகள் மூடிவிடவில்லை. கேபினுக்குப் பின்னால் இருக்கும் சுமைப்பெட்டி இன்னும் அங்கேதான் கட்டப்படுகிறது. டிப்பர், டிரெய்லர், கன்டெய்னர், எரிவாயு டேங்கர் என்று வேலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது; தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் உரிமையாளர் சங்கத்துக்கே நாமக்கல்தான் தலைமையிடம். ஆசாரி இருந்த இடத்தில் வெல்டர் நிற்கிறார். மரவாடையும் வார்னிஷ் வாடையும் அடித்த கொட்டகையில் இப்போது கேஸ் கட்டிங் புகையின் வாடை. கோடு இழுத்த பெயிண்டரின் மகன் கணினியில் எழுத்தை வெட்டி ஸ்டிக்கராக ஒட்டுகிறான். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது, கோடும் எங்கும் தடிப்பதில்லை. முகத்தில் தன் கையைக் காட்ட முடியாத உரிமையாளர் கூடுதல் விளக்கு, பம்பருக்குக் கீழே தொங்கும் குஞ்சம், கண்ணாடியின் மேல் ஒட்டிய சாமி பெயர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்.

இழப்பைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய அழகு, உள்ளே இருந்த உயிரைப் பற்றி அதிகம் யோசிக்காத அழகு. அமெரிக்காவில் இதை யாரும் மறுக்க முடியாதபடி ஒருமுறை காட்டினார்கள். 2009இல் அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டாளர் ஆய்வு நிறுவனம் தன் ஐம்பதாவது ஆண்டையொட்டி 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகம் மோதும்படி விட்டது. பழைய கார்தான் இரும்புக்கோட்டை என்று நம்பியவர்கள் பலர். நடந்தது வேறு. பெல் ஏரின் கூண்டு மடிந்து ஸ்டியரிங் பொம்மை ஓட்டுநரின்மேல் ஏறியது. உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும். அதற்கு வெகு முன்னரே, 1965இல், ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகம் கேடிலாக்கின் கூர்வால் சாலையில் போனவர்களைக் குத்திக் காயப்படுத்தியதையும் எடுத்துச் சொல்லியிருந்தது.

அமெரிக்காவில் அந்த உண்மை தெரிய ஒரு சோதனைக்கூடம் வேண்டியிருந்தது. நம் சாலைகளில் வேண்டியிருக்கவில்லை. நேருக்கு நேர் மோதிய லாரியின் மரக்கேபின் விறகுக்கட்டு அவிழ்ந்ததுபோலச் சிதறிக் கிடந்ததை எருமப்பட்டிக்காரர்கள் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். மயில் வைத்த மகுடம் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். டிரைவர்கள் அதிகம் உள்ள ஊரில் அப்படிப்பட்ட செய்தி எந்த வீட்டு வாசலுக்கும் வரலாம்.

ஆகவே பாதுகாப்புக்காக அழகைக் கொடுத்தோம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கொடுத்தது அழகை மட்டுமல்ல. ஒரு வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை நாமக்கல் பட்டறை வாசலிலிருந்து புணே, சென்னை வடிவமைப்புக் கூடங்களுக்குப் போய்விட்டது. பழைய கேபின் மோதி நசுங்கினால் ஒடிந்த சட்டத்தை மட்டும் மாற்றித் தகட்டைத் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். இப்போது முகப்புப் பிளாஸ்டிக் உடைந்தால் முழுத் துண்டாக வாங்கி மாட்ட வேண்டும். கண்ணாலேயே அளவெடுத்து வளைவு கொண்டுவரும் டிங்கரைத் தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவில் வயதானவர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் பழக வருபவர் யாருமில்லை.

விசித்திரம் என்னவென்றால், 1959இன் கேடிலாக்கை இன்று அமெரிக்காவில் துடைத்து மினுக்கிக் கொட்டகையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள், கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள், பெரும் விலைக்கு ஏலம் போகிறது. பழசாகிவிட வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த கார்தான் இன்று பொக்கிஷமாகியிருக்கிறது. நாமக்கல்லின் கைவேலை கேபினுக்கு அப்படியொரு கொட்டகை அமையவில்லை. லாரி என்பது சம்பாதிக்கும் பொருள். ஓட்டம் முடிந்ததும் காயலான் கடைக்குப் போனது, தகடு எடைக்குப் போனது, மரம் அடுப்புக்குப் போனது. எத்தனை ஆயிரம் முகங்கள் அங்கே செய்யப்பட்டன என்பதற்குப் பழைய புகைப்படங்களைத் தவிரச் சாட்சி அதிகமில்லை. வண்டி வாங்கிய அன்று அதற்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, குடும்பத்தோடு முன்னால் நின்று எடுத்த படங்கள் அவை. எருமப்பட்டியில் பல வீட்டுச் சுவர்களில் இன்னும் மாட்டியிருக்கின்றன. படத்தில் மனிதர்களைவிட வண்டியின் முகம்தான் தெளிவாக இருக்கும். புகைப்படக்காரருக்கு எது முக்கியம் என்று சொல்லியே எடுத்திருப்பார்கள்.

பெரியவரின் மகனும் டிரைவர்தான். நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு முட்டை லோடு எடுக்கிறான். கட்டிய கேபின்களில் எது நல்லது, அன்றையதா இன்றையதா என்று கேட்டதற்கு அவர் அதிகம் யோசிக்கவில்லை.

“அழகுன்னா நாங்க கட்டுனதுதானுங்க. அதுல என்ன சந்தேகம்? ஆனா பையன் ஓட்டறது கம்பெனிக் கேபினுங்க. ஏ.சி. இருக்குது, பெல்ட்டு இருக்குது, படுக்க மெத்த இருக்குது. நான் கட்டுன கேபின்ல அவன ஏத்த மாட்டனுங்க.”